முக்லிங் றோட்டு

மொன்ட்ரியால்
12.02.2025

அன்புள்ள சிவமலர் அண்ணிக்கு,

தியாகலிங்கம் எழுதுறது. இங்க நான் சுகம், முழங்கால் மட்டும் என்னோட கோவம். நீங்களும் மகன் பிருந்தனும் நல்லா இருக்கவேணும் எண்டு பிள்ளையாரைக் கேட்டிருக்கிறன்.

உங்களுக்குக் கேக்கட்டும் எண்டு போனில கத்தினால் கீழ்வீட்டு மனிசி பொலிசைக் கூப்பிடப் பாக்கிறா. அதால அஞ்சாம் வகுப்போட நிண்டவனைக் கடிதம் எழுத வைச்சுப்போட்டியள். எழுத்துப் பிழைக்கெல்லாம் உங்கட காதுதான் பொறுப்பு.

அண்ணை செத்த இடத்தைப் பாக்கவேணும், இந்த ஆவணித் திவசத்தை நேபாளத்தில அந்த ஆத்தங்கரையிலயே செய்யவேணும் எண்டு எழுதியிருந்தியள். நல்ல விசயம். ஆனா ஆவணி வேண்டாம். அங்க மழைக்காலம், மலை சரிஞ்சு றோட்டில விழும். இருபத்தாறு மாரி இங்க பனி தள்ளுற வண்டி ஓடினவன் சொல்லுறன்: பனியைத் தள்ளலாம், மலையைத் தள்ளேலாது.

ஐப்பசியில போவம். கொழும்பிலயிருந்து காத்மாண்டு. அங்கயிருந்து பொக்காராவுக்குச் சின்னப் பிளேன். பேந்து ஜீப்பில முக்திநாத் கோயில். அங்க ஒரு ஐயரைப் பிடிச்சு ஒழுங்காச் செய்வம். உங்களுக்குக் கம்பளிச் சட்டையும் வாங்கியாச்சு, சிவப்பு. போட்டால் தபால்பெட்டிதான். ஆரும் வாய்க்குள்ள கடிதம் போட்டால் நான் பொறுப்பில்லை.

உங்கள் தம்பி,
தியாகலிங்கம்


கோண்டாவில்
09.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கண்டு சந்தோசம். தபால்பெட்டிக்கு நேரில பதில் தாறன்.

பிருந்தன் போனில தேசப்படத்தைப் பாத்தவன். நீர் முந்தி எழுதின இடம் முக்லிங்குக்குக் கிட்ட, திரிசூலி ஆத்தங்கரை. காத்மாண்டுவிலயிருந்து றோட்டால போனால் நாலைஞ்சு மணித்தியாலமாம். உம்மட பிளேன் அதுக்கு மேலால பறந்து போகுது. ஏன் தம்பி?

முக்திநாத் எனக்கு என்னத்துக்கு? நீர் சொன்ன திதிக்கு இருபத்தாறு வருசமா விரதம் இருந்து, அவருக்குப் பிடிச்ச முருங்கைக்காய்க் கறியோட படைக்கிறன். எரிச்ச இடத்தை ஒருக்காத் தொடவேணும், அவ்வளவுதான். நீர்தானே கொள்ளி வைச்சனீர். கல்லும் நட்டது எண்டு எழுதினனீர். வந்து அந்த இடத்தைக் கையால காட்டினால் காணும்.

சாப்பாட்டைக் கவனியும். பகிடி விட்டே வயிறு நிரம்பாது.

அன்பு அண்ணி,
சிவமலர்


மொன்ட்ரியால்
06.04.2025

அண்ணி,

மூண்டு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். பகிடி ஒண்டும் வருகுதில்லை.

கல் இல்லை. நான் கொள்ளி வைக்கேல்லை.

கனடாவுக்கு அனுப்புறன் எண்ட ஏஜென்சிக்காரன் எங்களை இந்தியாவால வான் ஒண்டில ஏத்திக் காத்மாண்டு கொண்டுபோனவன். வழியில அண்ணைக்கு வன்னியில பிடிச்ச மலேரியா திரும்பி வந்திட்டுது. முக்லிங் தாண்ட மலை சரிஞ்சு றோட்டு மூடி, ஒண்டரை நாள் நிண்டம். நீலத் தகரம் போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. அதின்ர மர வாங்கில அண்ணையைக் கிடத்தினன். கடைக்காரி கஞ்சி பருக்கினவ.

றோட்டுத் திறந்த உடன ஏஜென்சிக்காரன் சொன்னான்: "இந்த ஆளை ஏத்தினால் செக்பொயின்ரில எல்லாரும் பிடிபடுவம். நிக்கிறதெண்டால் நீயும் நில்." வானுக்குள்ள ஒன்பது பேர் என்னையே பாத்துக்கொண்டு இருந்தினம். அண்ணை என்ர சேட்டுக் கையைப் பிடிச்சார். "பேந்து வாறன் அண்ணை" எண்டன். அவற்ற விரலை நான்தான் ஒவ்வொண்டா எடுத்துவிட்டது. ஏறிட்டன்.

காத்மாண்டுவில நாலு நாள் அறைக்குள்ள பூட்டி வைச்சிருந்தாங்கள். அதாலதான் திரும்பிப் போகேலாமல் போச்சு எண்டு உங்களுக்குச் சொல்லலாம். விடச்சொல்லி நான் கேக்கவே இல்லை. அதுதான் உண்மை.

இங்க வந்து, செத்திட்டார் எண்டு எழுதினன். நான் சொன்ன திதி, நான் வானில ஏறின நாள். அண்டைக்கு அவருக்கு உயிர் இருந்தது. பேந்து என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது.

அதுதான் அந்த றோட்டுக்கு மேலால பிளேன் விட்டனான்.

தியாகலிங்கம்


கோண்டாவில்
14.09.2025

தியாகலிங்கம்,

உம்மட கடிதம் சித்திரையிலயே வந்தது.

இந்த ஆவணி நான் படைக்கேல்லை. முருங்கைக்காய் மரத்திலயே முத்திப் போச்சுது. பிருந்தனுக்கு எல்லாம் சொன்னன். அவன் உம்மோட கதைக்கமாட்டான்.

ஐப்பசியில போவம் எண்டனீர். ஓம், ஐப்பசியிலயே போறம். ஒக்டோபர் இருபத்தெட்டு காத்மாண்டு. பிளேன் இல்லை, ஜீப். அங்கயிருந்து முக்லிங் மட்டும் றோட்டோரத்தில எத்தினை தேத்தண்ணிக் கடை இருக்கோ, அத்தினையிலயும் நிப்பாட்டி அவற்ற படத்தைக் காட்டுவம். எத்தினை நாள் எடுத்தாலும் எடுக்கட்டும். அந்தக் கடைக்காரி இல்லாட்டி அவவின்ர மகள் இருப்பா. அவர் பேந்து எத்தினை நாள் இருந்தவர், ஆர் தண்ணி குடுத்தது, ஆர் எரிச்சது எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குப் பிறகுதான் திதி.

சிவப்புச் சட்டை வேண்டாம்.

முன் சீற் உமக்கு, சாரதிக்குப் பக்கத்தில. அந்தக் கடையைக் காட்டும்வரைக்கும் என்னோட ஒண்டும் கதைக்க வேண்டாம். எனக்குத்தான் காது கேளாதே.

அவருக்குப் பேந்து வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏறினனீர். வாரும்.

சிவமலர்