கோட்டானுக்கு ஒரு எலி

1957 ஜூலை 8, திங்கள்

லிந்துலை. விடிந்ததிலிருந்து மழை. கடைக்கு வாங்க: பருப்பு, மண்ணெண்ணெய், சவுக்காரம்.

பிற்பகல் மிஸ்ஸியம்மா வீடு. ஓய்வுபெற்ற நர்ஸ், அடிபட்ட காட்டு மிருகங்களைப் பழைய கோழிக்கூடுகளில் வைத்துப் பார்க்கிறார். ஒரு மரைமான் குட்டி, ஒரு குரங்கு, இப்போது என் கோட்டான். வட்டகொடை வளைவில் எங்கள் கடை வேன் இடித்த பறவை. பாவம் என்று தூக்கிப்போனது என் புத்தி. "கொண்டாந்தவங்கதான் பாக்கணும் முதலாளி, எனக்கு ஆள் இல்ல." சம்பளமில்லாத உத்தியோகம்.

முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவன் இன்று ஆட்டு ஈரல் நறுக்கினேன். வழவழவென்று. நகக்கண்ணில் ரத்தம். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மரைக்குட்டிக்குப் பால் கொடுப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். பெண்டாட்டி சிவகாமி மாசமாக இருக்கும்போது கோட்டான் என்ற அபசகுனப் பேச்சை எடுக்க முடியுமா?

ஜூலை 9, செவ்வாய்

கோட்டான் மெலிகிறது. வெறும் கறி போதாதாம். மயிரும் எலும்புமாக உள்ளே போக வேண்டுமாம். "எலி கொண்டாங்க முதலாளி. அரிசிக் கடையில இல்லாத எலியா?"

இருக்கிறதுதான். ஆனால் நாங்கள் எலியைக் கொல்வதில்லை. பொறியோடு தூக்கிப்போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது அப்பா காலத்து வழக்கம். பாதி எலி மறுநாளே திரும்பிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

ஜூலை 11, வியாழன்

பொறியில் ஒன்று. "நான் கொண்டுபோய் விடறேன் அண்ணே" என்றேன். அண்ணன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. மிஸ்ஸியம்மா வீடும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

சாக்கில் போட்டு, கல்லில் ஒரே அடி. அடித்தது மிஸ்ஸியம்மாதான். கோட்டான் முழுசாக விழுங்கியது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தொங்கியது. பிறகு அதுவும் போனது. வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் ரசஞ்சோறு. ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கோட்டான் ஓர் உருண்டை கக்கியிருக்கிறது. மயிர், எலும்பு, பல். மிஸ்ஸியம்மா குச்சியால் பிரிக்கச் சொன்னார். "எவ்வளவு அழகு பாருங்க!" அழகாம். சீ.

கடையில் அண்ணன் வாடிக்கைக்காரர்களிடம்: "எலிய விடறதுக்குக்கூட மழையில நடக்கிறான் எந்தம்பி. மனசு அப்படி." கேட்டுக்கொண்டு பருப்பு நிறுத்தேன். அந்த உருண்டையைவிட இதுதான் அதிகம் குமட்டியது. என்மேலேயே வெறுப்பு.

ஜூலை 15, திங்கள்

ஒடிந்த சிறகு கூடிவிட்டது. இனி கூட்டுக்குள் உயிரோடு எலி விட வேண்டுமாம். தானாகப் பிடித்தால்தான் காட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் கூட்டிலேயே சாவு. பொறியோ நாலு நாளாகக் காலி. ஈரலைக் கோட்டான் திரும்பியும் பார்ப்பதில்லை. அழுகினதை நான் அள்ளிக் கொட்டினேன். புழு.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் பொறி விழுந்தது. கொழுத்த எலி. எடுத்துக்கொண்டு இறங்கும்போது சிவகாமி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நானும் வர்றேங்க. என் கையால விடணும். பிள்ளைக்கு நல்லது."

"மழை. வழுக்கும்."

"கொடை இருக்குல்ல."

பாலம் தாண்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். பொறிக் கதவைத் தூக்கினாள். "போ, போ. பிள்ளை குட்டியோட நல்லா இரு." தேயிலைக்குள் ஓடிவிட்டது. சிவகாமிக்குக் கண் கலங்கியது. எனக்கு அந்த எலிமேல் ஆத்திரம்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன். கோட்டான் இறகைச் சிலுப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி. மிஸ்ஸியம்மா என்னைத் திட்டவில்லை. "நாளைக்குத் தாங்காது முதலாளி."

மாலையில் கடையை மூடியதும் நானே பொறியை எடுத்தேன். இதுவரை அண்ணன் வேலை. காய்ந்த தேங்காயை ஏனோதானோவென்று மாட்டுவார். நான் புதுக் காய் உடைத்து, சில்லை அடுப்பில் சுட்டு, நல்லெண்ணெய் தடவினேன். வாசனைக்குச் சிவகாமி எழுந்து வந்துவிட்டாள்.

"எனக்கும் ஒரு சில்லு குடுங்க. வாய்க்குக் கேக்குது."

கொடுத்தேன். மென்றுகொண்டே பொறியைப் பார்த்தாள்.

"அதுக்குப் பெருசா வைங்க. பாவம், பசியோட இருக்கும்."

பெரிதாகவே வைத்தேன்.