கனாத் என்று ஒரு வார்த்தை உண்டு

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டில்.

நேற்று ஆங்கில வார்த்தை விளையாட்டில் நான் வைத்த 'கனாத்' அகராதியில் இருந்ததைப் பார்த்தீர்கள். அர்த்தத்தைப் படிக்காமல் மூடிவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். மலையடிவாரத்து ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் மண்ணுக்கடியில் லேசான சரிவோடு சுரங்கம் தோண்டுவார்கள். பம்பே வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கி வரும். அந்தச் சுரங்கம்தான் கனாத். குடிநீர் வாரியத்தில் பன்னிரண்டு வருடமாகக் குழாய் வரைபடம் போடுகிறவளைப் பார்த்து, "சும்மா அடிச்சு விடாத, அப்படி ஒரு வார்த்தையே கிடையாது" என்கிறீர்கள்!

ஒரே மாலையில் என் வார்த்தைகளுக்கு ஐந்து ஆட்சேபம். ஐந்தும் அகராதியில் இருந்தன. தப்பாக ஆட்சேபித்தால் ஆடும் முறை போய்விடும் என்பது விதி, உங்களுக்கு ஐந்து தடவையும் போயிற்று. அப்படியும் ஆறாவது தடவை கை அகராதிக்குத்தான் போகிறது. உங்கள் அண்ணன் 'பிளோவெக்' என்று வைத்து ஜெயித்தபோது மட்டும், "அண்ணன் வெச்சா சரியாத்தான் இருக்கும்."

காலையில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இன்றும் ஆறு மணிக்கு விளையாட வருகிறாராம். நான் வர ஏழாகும்.

பி.கு. என்னை நம்புங்கள் என்று கேட்கவில்லை. அவரையும் ஒரே ஒரு தடவை சந்தேகப்படுங்கள், நான் வந்து உட்காருகிறேன். முடியாதென்றால் அண்ணனும் தம்பியுமே ஆடிக்கொள்ளுங்கள்.