சென்னைக்கு மூன்று நாள், அவரோடு

ஆகஸ்ட் 6, புதன்
காலையில் தூறல். பட்டறையில் பொம்மைகள் காயவில்லை. கொலு ஆர்டர் வேறு. இந்த நேரத்தில் லீவு கேட்க வேண்டும்.

நேற்று அவர் சொன்னது: "சுதந்திர தினத்தோட மூணு நாள் லீவு வருது சுதா. மெட்ராஸ் போயிட்டு வரலாம். டூரிஸ்ட் மாதிரி இல்ல, ஊர்க்காரங்க மாதிரி. டவுன் பஸ்ஸு, மெஸ்ஸு, மெட்ரோ ஒரு தடவை."

சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கமில்லை.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். ஸ்ரீமுஷ்ணம் தாண்டி எங்கும் போனதில்லை. காரணம் அவருடைய வலிப்பு. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'அது' என்போம். தை மாதத்துக்குப் பிறகு வரவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது.

ஆகஸ்ட் 9, சனி
டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட். காலை ரயில், உட்காரும் பெட்டி. பார்க்கலாம்.

பட்டறையில் என்னோடு பொம்மைகளின் அச்சுப் பிசிறைச் சீவும் ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன் சென்னையில் கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவள். அவளிடம் எல்லாம் கேட்டேன். "ரூமு திருவல்லிக்கேணியில எடு அக்கா. பீச்சு நடந்து போற தூரம், மெஸ்ஸும் நிறைய இருக்குது. லேடீஸுக்கு ஃப்ரீ பஸ்ஸுன்னா கண்டக்டர்ட்ட கேட்டுட்டு ஏறு. ஆட்டோன்னா ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடு. முக்கியமா, கட்டடத்த அண்ணாந்து பாக்காத, ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சிடும்."

நான் கேட்க நினைத்தது வேறு. கூட்டத்தில் ஒருத்தர் விழுந்தால் அந்த ஊரில் நிற்பார்களா, தாண்டிப் போவார்களா? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
வெயில். லீவு கிடைத்தது, சனிக்கிழமை மட்டும். முதலாளி முகம் சரியில்லை.

அத்தைக்கு இன்றுதான் தெரியும். சோறு போட்டுக்கொண்டே, அவர் காதில் விழாமல்: "வூட்டுல வந்தாலே நாலு பேரு பிடிக்க வேண்டியிருக்குது. அங்க நடுரோட்டுல வந்தா என்னா பண்ணுவ?"

சாப்பிட்டுவிட்டு எழுந்து பட்டியல் போட்டேன்.

எடுத்துக்கொள்ள: மாத்திரை (என் பையில் பாதி, அவர் பையில் பாதி), டாக்டர் சீட்டு ஜெராக்ஸ், துண்டு இரண்டு, புளிசாதம், தண்ணீர். ரூமுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி எது என்று போனில் பார்த்து வைத்தாயிற்று. அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்
ஒரு சீட்டுதான் உறுதியானது. இன்னொன்று இல்லை. போகவேண்டாம் என்று சொல்ல நல்ல சாக்கு. வாய் வரை வந்தது. அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு விசில் அடித்தார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி
சென்னை. புழுக்கம்.

ரயிலில் அவரை உட்காரவைத்துவிட்டு நின்றேன். விழுப்புரம் தாண்டியதும் எழுந்து, "நீ உக்காரு, நான் என்ன பொம்மையா உடைஞ்சி போறதுக்கு?" என்றார். எதிர் சீட் அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தேன். அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரூம் சின்னது, சுத்தம். மெஸ்ஸில் மீன் குழம்பு. சாயங்காலம் கடல். அவர் முழங்கால் வரை நனைந்தார். நான் கரையில் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு. கடலைப் பார்த்தேனா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 16, சனி
வந்துவிட்டது.

பாரிமுனை போகும் பஸ். நல்ல கூட்டம், மத்தியான வெயில். நின்றுகொண்டிருந்தவர் என் பெயரைப் பாதி சொன்னார். அவ்வளவுதான். சரிந்தார். தலை இடிக்காமல் பிடித்துவிட்டேன், எப்படி என்று தெரியாது.

"சாவி குடுங்க!" "இரும்பு குடுங்க கையில!" யாரோ வாயில் ஸ்பூன் வைக்க வந்தார்.

கத்தினேன். "எதுவும் வைக்காதீங்க! தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!" என் குரலா அது.

எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஒரு காலேஜ் பெண் தன் பையைத் தலைக்கு அடியில் வைத்தாள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், காலர் பட்டனைக் கழற்றினேன். வாயோரம் நுரை. துடைத்தேன். டாக்டர் சொன்னபடி வாட்சைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தைத் தாண்டவில்லை. கை கால் உதறல் நின்றது, மூச்சு சீரானது.

பின்னால் ஹாரன். டிரைவர் எழுந்து எட்டிப் பார்த்தார். கண்டக்டர் டிரைவரிடம், "நிக்கட்டும்பா வண்டி, இன்னா இப்போ" என்றார். என்னிடம், "ஆஸ்பத்திரிக்கே வுட்டுறவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாங்க. பழக்கம்தான். முழிச்சிடுவாரு." சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

கண் திறந்ததும் அவர் கேட்டது, "ஸ்டாப்பு வந்திடிச்சா?"

இறக்கிவிட்டு, கண்டக்டரே ஆட்டோ பேசிக் கொடுத்தார். ரூமுக்கு வந்ததும் டாக்டருக்குப் போன். வேளை தவறாமல் மாத்திரை, நல்ல தூக்கம், ஊருக்கு வந்ததும் வந்து பாருங்கள் என்றார். இருட்டும்வரை தூங்கினார். எழுந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். இரண்டு வருஷமாகப் பயந்தது நடந்துவிட்டது. நடந்த பிறகு டீ குடித்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
மேகமூட்டம். சாயங்காலம் ரயில்.

நாக்குக் கடிபட்டிருக்கிறது. இட்லியை ஆறவைத்துச் சாப்பிட்டார்.

அத்தையிடம் மறைக்க வேண்டாம் என்று போன் செய்தேன். "அத்தை, வலிப்பு வந்திச்சி. பஸ்ஸுல. இப்ப நல்லா இருக்காரு." முதல் தடவை அந்தச் சொல்.  அத்தை கேட்டது, "நீ சாப்டியா?" அவரை இல்லை, என்னை.

ஊருக்குக் காலையிலேயே கிளம்பிவிடலாமா என்று கேட்டேன்.

"மெட்ரோ?" என்றார்.

தலை வாரி, சட்டை மாற்றிக் கீழே இறங்கிவிட்டார். ரோட்டிலிருந்து கூப்பிடுகிறார். போகவேண்டும்.