எங்களுக்கு மட்டும் தினமும் யானை

மார்ச் 4
கப்பல் கிளம்பிவிட்டது. அறை சின்னதுதான், ஆனால் குறை சொல்ல முடியாது. பஞ்சு மெத்தை, வட்ட ஜன்னல் நிறையக் கடல். கட்டிலில், துண்டை மடித்தே செய்த ஒரு யானை! அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கைவண்ணம். இவர் அதற்குக் கைகூப்பி வணக்கம் வைத்தார்.

இவருடைய மறதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏறும்போது உடம்பு எப்படி என்று கேட்ட கப்பல் டாக்டரிடமும் இல்லை, ஆசையாக அனுப்பிவைத்த மகனிடமும் இல்லை. சொல்லியிருந்தால் ஏற்றியிருப்பார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 6
சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு என்றும் அதே மேஜை, அதே பரிமாறுபவர். காளான் சூப்பை வழித்துக் குடித்துவிட்டு இவர் கேட்கிறார், "இன்னும் சூப் வரலியே?"

"அதானே, இதோ கொண்டாறேன்" என்று அந்த ஆள் இன்னொரு கிண்ணம் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மேற்பார்வையாளர் காதில் ஏதோ சொன்னார். எங்களைப் பற்றித்தானே?

மார்ச் 7
இன்று அரைக் கிண்ணம் சூப்தான் வந்தது. இவர் மறுபடி கேட்டதும் மீதி அரை. தெரிந்துவிட்டது அவர்களுக்கு.

மார்ச் 9
பக்கத்து அறைக்கு நேற்று அன்னம், இன்று குரங்கு. எங்களுக்கு மட்டும் தினமும் யானை. கிழடுகளுக்கு இது போதும் என்றா? அந்தப் பெண்ணிடம் கேட்டே விட்டேன்.

"ஐயாதாம்மா யானையே இருக்கட்டும்னாரு."

இவர் எப்போது அவளிடம் பேசினார்? வேறு என்ன உளறினார்? நாளை மறுநாள் துறைமுகம். இறக்கிவிட்டால், தெரியாத ஊரில் இவரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

மார்ச் 10
குளித்துவிட்டு வந்தால் இவரைக் காணோம். நடைவழி முழுக்க ஒரே மாதிரிக் கதவுகள். சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை, மேல்தளத்தில் இல்லை. கடல் பக்கம் பார்க்கவே பயம். ஐயோ, எங்கே போய்த் தேடுவேன்?

ஓடித் திரும்பினால் எங்கள் கதவின் கைப்பிடியில் யானை தொங்குகிறது. உள்ளே இவர்.

"எங்கடி போயிட்ட? யானையப் பாத்து நான் சரியா வந்துட்டேன்."

பின்னாலேயே அந்தப் பெண் மூச்சிரைக்க வந்தாள். "ரெண்டாம் நாளே ஐயா வழி தெரியாம நின்னாரும்மா. நான் ஒவ்வொரு கதவா திறந்து காட்டினேன். யானையப் பாத்ததும் 'இதுதான் நம்ம ரூம்'னாரு. இன்னைக்கு நான் கூப்பிடறதுக்குள்ள லிஃப்ட்ல ஏறிட்டாரு. தேட ஆள் அனுப்பிட்டு, யானைய வெளிய மாட்டினேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல. நீங்களே சொன்னா நல்லதும்மா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 11
சொல்லிவிட்டேன். இறக்கவில்லை. தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர், அவ்வளவுதான். மகனுக்கும் போன் செய்தேன். "ஏம்மா தனியா சுமந்தே?" என்றான்.

ஏப்ரல் 2
வீடு. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி துண்டை மடித்தேன். தும்பிக்கை வரவேயில்லை, பன்றிக்குட்டி மாதிரி இருந்தது. படுக்கையறைக் கதவில் மாட்டினேன். மகன் பார்த்துச் சிரித்தான். "எதுக்கும்மா இது, நம்ம வீட்லயா..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

இவர் கூடத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். அதன் முன்னால் நின்று கைகூப்பி வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார்.