பிணத்துக்கு வசனம் கிடையாது

ஜனவரி 9, வெள்ளி

எதிர் வீடே தெரியாத அளவுக்குப் பனி. நேற்று கொடியில் போட்ட துணி முழுக்க தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல். மறுபடி அலச வேண்டும்.

மறக்கக் கூடாதது: உளுந்து ஊறப் போட. இவருக்கு ஷூ லேஸ். என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி.

காணும் பொங்கல் நாடகத்துக்கு ஆள் எடுத்தாயிற்று. எழுதி இயக்குவது மூன்றாவது வீட்டு செல்வமணி சார். நிலக்கரி மைன்ஸ் ஸ்டோர்ஸில் ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாடகத்தின் பெயர் ‘பனிமலை பங்களா’. மலை மேல் பெரிய பங்களா. பணக்கார எஜமானி பாயசம் குடித்துச் செத்துப் போகிறாள். விஷம் வைத்தது யார்? கொலைக் கதைதான், ஆனால் ஜனங்கள் சிரிக்க வேண்டுமாம்.

துப்பறிவாளர்: என் வீட்டுக்காரர் பாஸ்கரன். சமையல்காரர்: ஒர்க்‌ஷாப் நாகராஜ் அண்ணன். நர்ஸ்: பக்கத்து வீட்டு உஷா. எஜமானி: நான்!

கால் தரையில் பாவவில்லை. பிறகுதான் சொல்கிறார், திரை விலகும்போதே நான் செத்துக் கிடக்கிறேன் என்று.

“ஒரே ஒரு வசனம் குடுங்க சார். சாகறப்ப ‘ஐயோ’ன்னாவது சொல்றேனே.”

“பொணத்துக்கு ஏதும்மா வசனம்?”

பள்ளிக்கூடத்தில் நான் பேசாத மேடை கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. அதில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரே ஒரு வரி கொடுத்தால் போதும் எனக்கு.

ஜனவரி 11, ஞாயிறு

காலனி ஹாலில் ஒத்திகை. துப்பறிவாளர் வந்து பார்க்கும்வரை பிணத்தை யாரும் நகர்த்தக் கூடாது, அதுதான் கதையில் சட்டம். துப்பறிவாளர் வருவதோ கடைசிக் காட்சியில். அதுவரை சோபாவில் அசையாமல் நான். பால் பொங்கி வருவதற்குள் கொல்லையைக் கூட்டிவிட்டு வருகிறவள் நான்!

மூக்கில் பஞ்சு. காலில் எறும்பு. எங்கே சொறிந்துகொள்வது?

“கலாம்மா, வயிறு ஏறி எறங்குதும்மா.”

“அப்ப நெசமாவே வெஷத்தக் குடுத்துடுங்க சார்.”

நாகராஜ் அண்ணன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “பொணம் பேசிகினே இருந்தா நான் எப்புடி சார் அழறது?” திட்டு விழுந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தும் கை கால் ஓயவில்லை. அலமாரியைத் துடைத்தேன். துடைத்த அலமாரியையே மறுபடியும் துடைத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பால் பூத்தில் உஷா. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காதோரம் வந்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. சார் ஒங்களுக்கு மொத சீன்ல வசனம் எழுதித்தான் வச்சிருந்தாரு. பாஸ்கரன் அண்ணன்தான் வேணான்னுட்டாரு. ‘அவ வாயத் தொறந்தா நிறுத்தமாட்டா சார், சும்மா படுத்துகினு இருக்கற மாதிரி ஏதாவது குடுங்க’ன்னு.”

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன். வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுதேன். தேவைக்கு மேல் நறுக்கிவிட்டேன்.

இவர் கண்ணாடி முன்னால் நின்று கை நீட்டுகிறார். “யாரும் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது!”

“எப்புடி இருக்கு கலா?”

“நல்லாருக்குங்க.”

கேட்டுவிடலாம். பண்டிகை முடியட்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது, அடி பிடித்தது. வாசலில் மூன்று முறை கோலத்தை அழித்துப் போட்டேன். “என்னா ஆச்சு ஒனக்கு?” என்கிறார் இவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவைத்தேன்.

காணும் பொங்கலன்று இவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். மதியமே வந்துவிடுவார், நாடகம் சாயங்காலம்தான். செல்வமணி சாருக்கு ஏகப் பெருமை: “ஷிப்ட் பாத்துதாம்மா நாளு குறிச்சேன்!”

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

செல்வமணி சார் ஷிப்ட் பார்த்தாரே, ரிலீவரைப் பார்த்தாரா? மைன்ஸில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நின்றால்தான் இவர் நிலக்கரி ஓடும் பெல்ட்டை விட்டு இறங்க முடியும். இவருடைய ரிலீவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். காணும் பொங்கலன்று எந்த ஊர்க்காரன் நேரத்துக்கு வந்திருக்கிறான்? மைன்ஸையே கரைத்துக் குடித்த மனிதர் இதை மட்டும் மறந்துவிட்டார்.

நாலு மணிக்கு இவர் போன்: “ரிலீவர் வரல. நீங்க ஆரம்பிங்க, கடைசி சீனுக்குள்ள வந்துடுவேன்.”

ஆரம்பித்தார்கள். நான் கிடந்தேன். நன்றாகத்தான் போயிற்று. ஹால் நிறையக் கூட்டம், நாகராஜ் அண்ணன் அழுதால் சிரிப்பு. கடைசிக் காட்சி வந்தது. இவர் வரவில்லை.

“துப்பறிவாளரு வந்துகினே இருக்காரு” என்றார் நாகராஜ் அண்ணன். டீ போடப் போனார். வந்தார். மறுபடி அதே வசனம், மறுபடி டீ. உஷா என் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பின்வரிசையில் விசில். ஓரக்கண்ணால் பார்க்கிறேன், செல்வமணி சார் திரையை இழுக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்.

இத்தனை நாள் எறும்புக் கடி வாங்கினது இதற்கா? எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

உஷா அலறினாள், நிஜ அலறல். முன்வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டது. மூக்குப் பஞ்சை எடுத்தேன்.

“பயப்படாதீங்க. செத்தும் என்னால சும்மா கெடக்க முடியல.”

ஹாலே இடிந்தது சிரிப்பில். எங்கிருந்துதான் வந்ததோ வார்த்தை, பேசினேன், பேசினேன். “சமையல்காரர் இங்க இருக்காரு. நர்ஸ் இங்க இருக்கா. பொணம் நானே இருக்கேன். வராதது யாரு? துப்பு துலக்கறேன்னவரு! என்னைக் கொன்னவரே அவர்தான், அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு வருவாரு?”

பின்னாலிருந்து ஒருவர், “ரிலீவர் வரலம்மா!”

“எல்லாக் கொலகாரனும் அதத்தாங்க சொல்லுவான்.”

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் இவர். தலையில் ஹெல்மெட், பூட்ஸ், முகமெல்லாம் நிலக்கரித் தூள், கையில் துப்பறிவாளர் கோட்டு. “புடி! வுடாத, புடி!” என்று கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. யாரோ கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். ஒன்றும் புரியாமல், பாவம், பழக்க தோஷத்தில் கை நீட்டினார். “யாரும் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது!”

“மொதல்ல நீங்க போகாதீங்க” என்றேன்.

திரை. கைதட்டல் நிற்கவே இல்லை. வீடு வரும்வரை இவர் நாலு அடி முன்னாலேயே நடந்தார்.

ஜனவரி 19, திங்கள்

பனி இல்லை. காற்று தெர்மல் பக்கமிருந்து.

மதியம் வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

“பஸ்ஸு பூரா ‘கொலகாரா’ன்னுதான் கூப்புடறானுங்க. எதுக்குய்யா கொன்னன்னு கேக்கறானுங்க. அத நீ சொல்லவே இல்லியே கலா.”

“வாயத் தொறந்தா நிறுத்தமாட்டா, சும்மா படுத்துகினு இருக்கற மாதிரி குடுங்கன்னு சொன்னீங்கல்ல? அதுதான்.”

லேஸ் அவிழ்ந்த பிறகும் லேஸையே பிடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. நின்றேன்.

“நீ பேசினா அப்புறம் என்னை எவன் பாப்பான்? அதான் அப்புடிச் சொன்னேன். தப்புதான்.”

சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார், கொடித் துணியை எடுக்க. சாம்பல் படிந்திருக்கும். மறுபடி அலச வேண்டும். அலசட்டும்.