போர்ட்டிகோவில் நடந்த கல்யாணம்

தொம்மலூர், பெங்களூரு

சிரஞ்சீவி அச்யுத்துக்கு அம்மா ஆசிகளுடன் எழுதுவது.

உன் தங்கை நிருபமாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எலகங்கா தாண்டி வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று. இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நிருபமாவுக்கு அதுதான் வேண்டுமாம். சத்திரத்துக்கு என்ன குறைச்சல் என்று அப்பா கடைசிவரை முணுமுணுத்தார். உள்ளே தரை, கூரை எல்லாம் தேக்கு. கட்டடத்தில் நெருப்பே கூடாது, ஹோமம் புல்வெளியில்தான் என்பது அங்கே சட்டம்.

முகூர்த்தத்துக்கு முன்னால் கொட்டியது பார் மழை! பந்தல் சாய்ந்து, ஹோம குண்டத்தில் தண்ணீர். நான் பிள்ளையாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடத்து மேனேஜர் சாய்கிருஷ்ணா, உன் வயதுதான் இருக்கும், "யோச்னெ மாடபேடிம்மா, கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று முதலாளிக்குப் போன் போட்டு மன்றாடினான். அந்தக் காலத்தில் சாரட்டு வண்டி வந்து நின்ற கல் போர்ட்டிகோவில் மட்டும் அனுமதி கிடைத்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஹோம குண்டத்துக்குத் தானே செங்கல் சுமந்தான். தாலி நேரத்துக்கு ஏறியது. அந்தப் பிள்ளை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

அடுத்து ஹோமத்தில் பொரியிடுவது. பெண்ணின் அண்ணன் செய்ய வேண்டியது. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். கேரலை நீ கைப்பிடித்ததிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதில்லை, பத்திரிகையில் அவள் பெயரைப் போடாததால்தான் நீ வரவில்லை என்பதெல்லாம் ஊருக்கு எதற்கு? உன் சித்தப்பா பிள்ளை முன்னால் வந்தான். உன் கல்யாணத்தைக் கேலி பேசியவன் ஆயிற்றே, நிருபமா ஒத்துக்கொள்ளவில்லை. ஈரச் சட்டையோடு ஓரமாக நின்ற சாய்கிருஷ்ணாவைக் கூப்பிட்டு, "நீங்க போடுங்கண்ணா" என்றாள். போட்டான். உன்னை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொரியிட்டவனுக்கு உரிய வேஷ்டியை அப்பா நீட்டினார். அவன் தாம்பூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது அவங்க அண்ணாவுக்கு சார், வெச்சிருங்க" என்றான். திரும்பி வரும்போது காரில் அப்பா, "அனந்தம், அந்தப் பங்களாவே தன் சட்டத்தை விட்டுக்கொடுத்துதே" என்றார்.

வேஷ்டி இப்போது அவர் பீரோவில் இருக்கிறது. நேற்று அதன் பக்கத்தில் புதுப் பட்டுப்புடவை ஒன்றும் பார்த்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இன்று சாப்பிடும்போது அவராகவே கேட்டார், கேரலுக்கு அரக்கு நிறம் பிடிக்குமா என்று. எனக்கு எப்படித் தெரியும்? அவளை அழைத்துக்கொண்டு வா. அவளே அவரிடம் சொல்லட்டும்.

உங்கள் இருவருக்கும் சேர்த்தே என் ஆசிகள்.

அம்மா
அனந்தலக்ஷ்மி