பதினாறாம் நாள் தண்ணீர்

நாள் 1,352. காலை 09:00

யுரோப்பா நிலவு, ஏரியடி நிலையம். கூரைக் குறிப்பேடு. எழுதுவது கட்டமைப்புப் பொறியாளர் குருவம்மாள்.

ஆறு தூண்களும் நலம். பாரமானி போன மாதத்தைவிட 0.3 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. பனி அசைவதால் வரும் பிசகு. வழக்கம்போல ஜீரோ வைத்தாயிற்று.

இதைப் பிற்காலத்தில் படிக்கிறவருக்கு: எங்கள் கூரைக்கு மேலே ஓர் ஏரி, ஏரிக்கு மேலே பனி. கண்மாய்க்கு அடியில் வீடு கட்டிக் குடியிருக்கிற புத்திசாலிகள், பெரியவர்கள் மட்டும் பதினோரு பேர் நாங்கள். தூண்கள் தாங்கும் பாரத்தை மாதம் ஒருமுறை பார்ப்பது என் வேலை. அன்றைய அளவை ஜீரோ என்று வைத்துவிடுவோம். அடுத்த மாதம் அதிலிருந்து எவ்வளவு மாறியது என்று மட்டும் பார்ப்போம்.

இன்று ஜீரோ பொத்தானை அழுத்தியது நானல்ல. எங்கள் டாக்டர் வடிவின் மகள் நிறைமதி, வயது இரண்டு. இந்த நிலையத்தில் பிறந்த ஒரே பிள்ளை. அவள் பிறக்கும் முன்பே அப்பா துளைக்கருவி விபத்தில் போய்ச் சேர்ந்தார். என் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரே அடம். பொத்தானை அழுத்திவிட்டுக் கைதட்டினாள். இனி மாதாமாதம் அவள்தான் அழுத்துவாளாம். அழுத்தட்டும்.

நாள் 1,968. பகல் 13:40

மானி -0.3. ஜீரோ.

சாப்பாட்டு அறையில் நிறைமதிக்குச் சர்க்கரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் எஃகு டம்ளரை முறைத்துப் பார்த்தாள். டம்ளர் தகடாகிவிட்டது. அவள் கை படவே இல்லை. பட்டறையில் வைத்துச் சோதித்தேன்: அப்படி நசுக்க எங்கள் அழுத்த எந்திரத்துக்கு நான்கு டன் தேவைப்பட்டது.

சர்க்கரை உடனே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

நாள் 2,447. காலை 09:20

மானி -0.3. பொத்தானை அழுத்தப் பிள்ளை வரவில்லை, காய்ச்சல். இன்டர்காமில் அழைத்தாள். அப்படியே குறிக்கிறேன்.

“அத்தே, மேல ரொம்பக் கனமா இருக்கு.”

“எங்கட்டி?”

“மேல. எல்லாத்துக்கும் மேல. தலை வலிக்கி.”

“அதத் தாங்கத்தான் ஆறு தூணு நட்டிருக்கோம். நீ பேசாமப் படு.”

வடிவு மாத்திரை கொடுத்தாள். பதினொரு மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பிள்ளை வந்து நின்றாள், ஜீரோ வைக்க. ஐந்து வயதுக்குக் கடமையுணர்ச்சி அதிகம்.

நாள் 3,590. மாலை 16:05

வடக்குச் சுரங்கத்தில் பனிப்பாறை பெயர்ந்தது. அடியில் மூன்று பேர். நிறைமதி கையை நீட்டினாள். பாறை அந்தரத்தில் நின்றது. மூவரும் வெளியே வந்த பிறகு, பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல மெதுவாகக் கீழே வைத்தாள். எட்டு வயது.

நிலையத் தலைவர் தங்கப்பழம் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார். அது நேற்று. இன்று சாப்பாட்டு அறையில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. காப்பாற்றப்பட்ட மூவரில் ஒருவர் அவள் தட்டைத் தனியாக எடுத்து வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நன்றிக்கு இங்கே ஆயுசு ஒரு நாள்.

“பொம்பளப் பிள்ள, இதெல்லாம் நாலு பேர் பாக்கச் செய்யாத தாயி” என்று ஒலிபெருக்கியில் தலைவர் புத்தி சொன்னார். நாலு பேர் அல்ல, பதினோரு பேரும் கேட்டோம். அவளுக்குத் தலைவலி இப்போது தினமும் வருகிறது.

நாள் 5,352. காலை 10:30

நிறைமதி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பதின்மூன்று வயது.

வடிவின் ஊர் வழக்கப்படி பெண்ணைப் பதினாறு நாள் ஒதுக்கி வைக்க வேண்டும். தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டித் தர வேண்டும். அதில் அவள் தனியாக இருக்க வேண்டும், தனித்தட்டில் சாப்பிட வேண்டும். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைப்பார்கள். பூமியிலிருந்து அறுபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தும் இது எங்களை விடவில்லை. வடிவைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற தங்கப்பழம் நான்தான் தாய்மாமன் என்று முன்னே வந்தார்.

குச்சு எங்கே? பனியைத் துளைக்கிறவர்கள் தங்கும் வடக்குத் துளைக்குடிலில். சுரங்கம் வழியே இரண்டு கிலோமீட்டர், ஏரிக்கு வெளியே. பக்கத்து அறையில் கட்டலாமே என்று யாரும் கேட்கவில்லை. தோட்ட அறையின் வெண்டை இலையெல்லாம் பறித்துக் கூரை வேய்ந்தார்கள். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. பிள்ளை போய்விட்டாள் என்ற நிம்மதி.

கட்டமைப்பு அனுமதியில் கையெழுத்துப் போட்டது நான். பேத்தல் வழக்கம் என்று தெரிந்தே போட்டேன். எனக்கும் அவளைப் பார்த்துப் பயம். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நாள் 5,354. காலை 09:00

ஜீரோ வைக்கும் நாள். மானி +6. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பாரம் கூடியிருக்கிறது. மானிக்கு வயதாகிவிட்டது போலும். ஜீரோ வைத்தேன்.

நானே அழுத்தினேன். கைதட்ட ஆளில்லாமல் என்னவோபோல் இருந்தது.

நாள் 5,355. காலை 10:15

குடிலிலிருந்து அழைப்பு.

“அத்தே, தலவலி போயிட்டு! சுத்தமாப் போயிட்டு. நேத்து நல்லாத் தூங்குனேன். இப்படித்தான் எல்லாரும் தூங்குவீங்களா?”

“சாப்பிட்டியாட்டி?”

“ரெண்டு தட்டு. அத்தே, பதினாறு நாளு கழிச்சும் இங்கயே இருக்கட்டா?”

அவள் சிரித்து இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை. இரு என்று சொன்னேன்.

மானி நேற்றிலிருந்து +5.

நாள் 5,357. பகல் 15:30

மானி +13. மூன்றாம் தூணில் வண்ணப்பூச்சு உரிந்து நிற்கிறது. மானியைக் கழற்றிச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய குறிப்பேடுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தோரு மாதங்கள். ஒவ்வொரு மாதமும் -0.3. ஒவ்வொரு மாதமும் ஜீரோ. மொத்தம் 39 சதவீதம். பாரம் குறையவே இல்லை. வேறு யாரோ வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒலியனுப்பி ஏரியை அளந்தேன். எங்கள் நிலையத்தின் சூட்டில் பனி உருகி, ஏரி ஒன்பது மீட்டர் ஆழம் கூடியிருக்கிறது. பாரமானி இருக்க ஏரியை எதற்கு அளப்பது என்று விட்டுவிட்டோம்.

மேல ரொம்பக் கனமா இருக்கு என்று ஐந்து வயதில் அவள் சொன்னாள். நான் எழுதியும் வைத்திருக்கிறேன். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பாடம் படிக்கும்போதும் அந்தப் பிள்ளை எங்கள் கூரையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தலைவலியை மாதாமாதம் அளந்து, அவள் விரலாலேயே ஜீரோ ஆக்கியிருக்கிறேன். நான் மனுஷிதானா?

தூண்கள் இன்னும் ஐந்து நாள் தாங்கும். அடுத்த கப்பல் வரப் பதினான்கு மாதம். குடிலில் இருக்கிற காற்று இரண்டு பேருக்குத்தான் போதும். தலைவரிடம் சொல்லிவிட்டேன்.

நாள் 5,358. காலை 11:00

தலைவர் அறைக்கும் மருத்துவ அறைக்கும் நடந்த பேச்சு. கட்டமைப்பு எச்சரிக்கை நேரத்தில் எல்லா இணைப்பும் என் மேசைக்கு வரும்; அதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

“தங்கச்சி, பிள்ளையத் திரும்பக் கொண்டு வந்துருவோம். முழிச்சிருந்தா நம்மள விட்டுப் போயிருவா. மருந்து குடுத்துத் தூங்கவே வச்சிருவோம். தூக்கத்துலயும் தாங்குதால்லா, அது போதும்.”

“எத்தன நாளைக்கு அண்ணாச்சி?”

“கப்பல் வார வரைக்கும்.”

மருந்து அலமாரி திறக்கிற சத்தம்.

“சரி. டோஸ் கணக்குப் பாக்கேன்.”

பெற்றவள் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாள் 5,359. காலை 09:30

குடிலுக்கு நானே பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, ஏரி, ஜீரோ, மருந்து. எதையும் மறைக்கவில்லை.

“எனக்குத் தெரியும் அத்தே. மேல இருக்கதத்தான் தாங்குதேன்னு தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சுதான் தாங்கச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன்.”

“தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது.”

“நான் இங்க வந்த பெறகு யாராவது என்னயத் தேடுனாங்களா?”

இல்லை என்றேன்.

“மருந்துக்கு அம்ம என்ன சொன்னா?”

அதையும் சொன்னேன். இணைப்பு அப்படியே திறந்து கிடந்தது.

09:52

மானி 22. 15. 8. 0. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தே தாங்குகிறாள். எங்கிருந்தும் அவளால் முடிந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் தலைவர் அழுதுகொண்டே, “என் தாயி, குலதெய்வம்” என்கிறார். எல்லோரும் கத்துகிறார்கள்.

09:55

-4. -11. -30. கூரை மேலே போகிறது. தூண்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நிற்கின்றன. ஆறும்.

09:58

கதவுகள். நிலையத்தில் உள்ள எல்லாக் கதவுகளும் சட்டத்தோடு நசுங்கி ஒட்டிவிட்டன. அந்த டம்ளர் மாதிரி. அவரவர் இருந்த அறையில் அவரவர். ஒலிபெருக்கியில் அவள் குரல்.

“யாரும் பயப்படாதீங்க. கூரய நான் பாத்துக்கிடுதேன். பதினாறு நாளு ஆளுக்கொரு அறையில ஒத்தயில இருங்க. அவசரப் பொட்டலம் இருக்கும்லா, அதத் தனியாச் சாப்பிடுங்க. தீட்டுக் கழியட்டும்.”

நாள் 5,366. பகல் 12:00

எட்டாம் நாள். மானி ஜீரோ, இம்மி பிசகவில்லை. தலைவர் முதல் நான்கு நாள் அதட்டினார், அடுத்த இரண்டு நாள் கெஞ்சினார், இப்போது சத்தமில்லை. வடிவு சுவரைத் தட்டுகிறாள். நான் திருப்பித் தட்டுகிறேன்.

தினமும் அவளை அழைக்கிறேன். அம்மையை மட்டுமாவது விட்டுவிடு என்றேன். வந்த பதில் ஒன்றுதான்.

“எட்டு நாளுதான ஆயிருக்கு அத்தே. நான் பதினோரு வருசம்.”

நாள் 5,374. காலை 08:40

பதினாறாம் நாள். சுரங்கத்தில் நடந்து வரும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு காலடிக்கும் மேசை அதிர்கிறது.

08:46

என் அறைக்கதவு தானாக விரிந்து திறந்துகொண்டது. என் கதவு மட்டும். இன்டர்காமில் அவள் குரல்.

“நீங்க வாங்க அத்தே. குடில்ல ரெண்டு பேருக்குக் காத்து இருக்கு. இன்னைக்குத் தலைக்கு ஊத்தணும்லா. மேல நெறையத் தண்ணி இருக்கு.”

08:49

நான் போகவில்லை. ஓடிப்போக ஆசையாகத்தான் இருக்கிறது. உயிர் யாருக்குத்தான் வெல்லமில்லை. ஆனால் நான் இங்கே இருக்கும்வரை அவள் ஊற்றமாட்டாள் என்று நம்புகிறேன். என் மடியில் வளர்ந்தவள். மற்ற பத்துப் பேருக்கும் இப்போது அந்த மடி ஒன்றுதான் கூரை. இன்டர்காமில் சொல்லிவிட்டேன்: “நான் எங்கயும் வரலட்டி. பொத்தான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நீ வந்து மடியில இரு.”

08:52

காலடிச் சத்தம் என் கதவுக்கு வெளியே, சுவர் மறைவில் நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் வடிவு தட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

08:53

மானி +2. +9.

பிள்ளை அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை.

08:54

பொத்தான் தானாக அமுங்கிற்று. நான் தொடவில்லை. வெளியே யாரோ மெதுவாகக் கைதட்டுகிறார்கள்.

“ஜீரோ வந்துட்டா அத்தே?”

வந்துவிட்டது. மானி ஜீரோதான் காட்டுகிறது. ஆனால் ஏறிய பாரம் இறங்கவில்லை, ஆறு தூணும் முனகுகின்றன. என் உச்சந்தலையில் இப்போது ஒரு சொட்டு